வேளாங்கண்ணி நடைப்பயணம் டு மகாமகம்... குரூப்புக்கு வாக்கி டாக்கி வாங்கப் போறீங்களா? இதைப் படிச்சுட்டு ஆர்டர் போடுங்க!

இருபது பேர் சேர்ந்து தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடக்கிறீர்கள். முன்னால் போகிறவர்கள் அம்மாபேட்டையைத் தாண்டிவிட்டார்கள். கால் வலியில் பின்தங்கிய நாலு பேர் எங்கோ ஒரு டீக்கடையில். சாப்பாடு, பாய், மருந்துப் பெட்டி ஏற்றிய வேன் எந்த ஊரில் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. வாட்ஸ்அப் குரூப்பில் 'எங்க இருக்கீங்க?' என்று கேட்டால் ஒற்றை டிக். போன் அடித்தால், 'தொடர்பு எல்லைக்கு வெளியே!'

இந்த மாதிரி நேரத்தில்தான், 'பேசாம ரெண்டு வாக்கி டாக்கி வாங்கிடலாமா?' என்று குரூப்பில் ஒருவர் ஆரம்பிப்பார். ஆன்லைனில் தேடினால் 5 வாட், 10 கி.மீ. ரேஞ்ச், 128 சேனல் என்று விதவிதமாக வந்து நிற்கும். பார்க்க கெத்தாக இருப்பதை கார்ட்டில் போட்டுவிடுவீர்கள். ஒரு நிமிஷம் பொறுங்க. அவற்றில் பல செட்களை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்துவது சட்டப்படி தவறு. சட்டப்படி சரியான சின்ன செட்டோ, நம்ம டெல்டா தரைக்கும் ஒரு குழுவின் தேவைக்கும் தாராளமாகப் போதும். எப்படித் தேர்ந்தெடுப்பது? வரிசையாகப் பார்ப்போம்.

கையில போன் இருக்கே, இது எதுக்கு?

போன் பேச டவர் வேண்டும். ஒரு டவரால் ஒரே நேரத்தில் இத்தனை பேருக்குத்தான் இடம் கொடுக்க முடியும் என்ற அளவு உண்டு. ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணியில் கொடி ஏறி, செப்டம்பர் 8-ல் மாதா பிறந்தநாள் விழா முடியும்வரை அந்தச் சின்ன ஊருக்குள் லட்சக்கணக்கானவர்கள் வந்து போகிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ கால் போட்டால் டவர் திணறத்தான் செய்யும். திருவாரூர் ஆழித்தேர், நாகூர் கந்தூரி என்று டெல்டாவின் எல்லாப் பெருங்கூட்டத்திலும் இதே கதைதான். அடுத்து 2028-ல் கும்பகோணம் மகாமகம் வேறு வருகிறது.

புயல் வந்தால் நிலைமை இன்னும் மோசம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது நினைவிருக்கிறதா? லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கரன்ட் போனது, டவர்களும் படுத்தன. பக்கத்து ஊரில் இருக்கும் அம்மா, அப்பாவிடம்கூடப் பேச முடியாமல் பலர் நாள்கணக்கில் தவித்தார்கள்.

வாக்கி டாக்கிக்கு டவர் வேண்டாம், சிம் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். ஒரு செட்டிலிருந்து கிளம்பும் ரேடியோ அலை நேராக அடுத்த செட்டுக்குப் போகிறது. இன்னொரு வசதி, பட்டனை ஒருவர் அழுத்திப் பேசினால் குழுவில் உள்ள எல்லா செட்டிலும் ஒரே நேரத்தில் கேட்கும். 'பின்னாடி லாரி வருது, எல்லாரும் ஓரமா வாங்க' என்று சொல்ல, பத்துப் பேருக்குத் தனித்தனியாகப் போன் போட முடியாது இல்லையா?

பார்க்க ஒரே மாதிரி... ஆனா மூணு ரகம்!

கடையில் 'வாக்கி டாக்கி' என்று கேட்டால் மூன்று வெவ்வேறு பொருள்களை எடுத்துக் காட்டுவார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

1. லைசென்ஸ் தேவையில்லாத சின்ன செட். இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், குறைந்த சக்தியில் இயங்கும் வாக்கி டாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. 2018-ல் வந்த மத்திய அரசு விதிகள் இந்த விலக்கைக் கொடுத்திருக்கின்றன. நீங்கள் வாங்க வேண்டியது இந்த ரகம்தான்.

2. லைசென்ஸ் கட்டாயம் தேவைப்படும் பெரிய செட். போலீஸ், தனியார் செக்யூரிட்டி, தொழிற்சாலைகள் பயன்படுத்துபவை இந்த ரகம். அவர்களுக்குத் தனி அலைவரிசை ஒதுக்கப்பட்டிருக்கும். ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் வைத்திருக்கும் செட்டும் இதில் அடக்கம். யூடியூப் வீடியோக்களில் அடிக்கடி வரும் பாவ்ஃபெங் யூ.வி-5ஆர் மாதிரியான செட்டில் எந்த அலைவரிசை எண்ணை வேண்டுமானாலும் தட்டி, அதில் பேச முடியும். ஆபத்தே அதுதான். தெரியாமல் ஒரு எண்ணைத் தட்டிவிட்டு, 'டேய் மச்சான், பரோட்டா வாங்கிட்டியா?' என்று நீங்கள் கேட்பது, வேறு யாருக்கோ ஒதுக்கப்பட்ட அவசரத் தொடர்பின் நடுவில் போய் விழலாம்.

3. சிம் போடும் செட். 'இந்தியா முழுக்க ரேஞ்ச்', 'அன்லிமிடெட் தூரம்' என்று விளம்பரம் வந்தால் அது இந்த ரகம். வெளித்தோற்றம்தான் வாக்கி டாக்கி, உள்ளே இருப்பது 4ஜி போன். போனில் இறக்கிக்கொள்ளும் வாக்கி டாக்கி ஆப்களும் இதே வகைதான். டவர் இருக்கும்போது நன்றாக வேலை செய்யும். டவர் திணறினால் இதுவும் திணறும், டவர் படுத்தால் இதுவும் படுத்துவிடும். எந்தச் சிக்கலுக்காக வாக்கி டாக்கி தேடுகிறீர்களோ, அதே சிக்கல் இதிலும் இருக்கிறது.

பில் போடும் முன் பார்க்க வேண்டிய மூணு எழுத்து

அந்த மூன்று எழுத்து 'இ.டி.ஏ.' மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு, ஒரு ரேடியோ கருவி இந்திய விதிக்கு உட்பட்டதுதான் என்று கொடுக்கும் சான்று இது. அட்டைப் பெட்டியிலோ விற்பனைப் பக்கத்திலோ 446 மெகாஹெர்ட்ஸ் என்ற எண், இ.டி.ஏ. விவரம், லைசென்ஸ் தேவையில்லை என்ற குறிப்பு ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இல்லை என்றாலும் விற்பவரிடம் கேளுங்கள். மழுப்பினால் வேறு செட் பாருங்கள்.

'ஆன்லைன்ல ஓப்பனா விக்கிறாங்களே, அப்போ லீகல்தானே?' என்று தோன்றும். அப்படி இல்லை. விதிமீறி வாக்கி டாக்கி விற்றது தொடர்பாக 2025 மே மாதம், பெரிய ஆன்லைன் தளங்கள் உட்பட 13 நிறுவனங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. அதே மாதக் கடைசியில், ரேடியோ கருவிகளை ஆன்லைனில் விற்பதற்கென்றே தனி வழிகாட்டு விதிகளையும் வெளியிட்டது. எந்த அலைவரிசையில் இயங்குகிறது, லைசென்ஸ் வேண்டுமா என்பதையெல்லாம் விற்பனைப் பக்கத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கின்றன அந்த விதிகள். எனவே, அந்த விவரத்தைக் கேட்பது உங்கள் உரிமை. வாங்கிய பிறகு பில்லையும் இ.டி.ஏ. விவரத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருவிழா பந்தோபஸ்தில் இருக்கும் போலீஸ்காரர் 'என்ன தம்பி இது?' என்று கேட்டால், காட்டிவிட்டு நடையைத் தொடரலாம்.

அமெரிக்கா மாமா கொண்டுவந்த செட் ஓகேவா?

டெல்டாவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். லீவுக்கு வரும்போது பசங்களுக்கு ஒரு ஜோடி வாக்கி டாக்கி வாங்கி வருவார். ஆனால், அமெரிக்காவில் பொதுமக்களுக்கான செட்கள் 462, 467 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்குபவை. ஆஸ்திரேலியாவில் 477 பக்கம். அங்கே யார் வேண்டுமானாலும் பேசலாம், இங்கே அந்த அலைவரிசைகளுக்கு விலக்கு இல்லை. ஐரோப்பாவில் மட்டும் நம்மைப் போலவே 446 மெகாஹெர்ட்ஸ். ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு போகிறவர்கள் ஒருவரையொருவர் தொலைக்காமல் இருக்கக் கையில் வைத்திருப்பதும் இந்த ரகம்தான். அங்கே சக்திக்கு உச்சவரம்பு அரை வாட். ஐரோப்பிய செட்டாக இருந்தாலும் இந்தியாவில் பயன்படுத்த இ.டி.ஏ. வேண்டும் என்பதால், கொண்டுவரச் சொல்வதைவிட இங்கேயே சான்றுள்ள செட்டாக வாங்குவதுதான் தலைவலி இல்லாத வழி.

10 கி.மீ. ரேஞ்ச்... நம்பலாமா?

நம்ப வேண்டாம். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் உங்களுக்கே புரிந்துவிடும்.

446 மெகாஹெர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் போகும். பூமி உருண்டை என்பதால், தரையில் நிற்கிற ஒருவரின் அலை ஒரு தூரத்துக்கு மேல் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் செட்டைப் பிடித்திருந்தால் அந்த எல்லை சுமார் 5 கி.மீ. எதிர்முனையில் இருப்பவருக்கும் அதே 5 கி.மீ. இரண்டையும் கூட்டினால் 10. நடுவில் ஒரு மரம், ஒரு வீடு, ஒரு பஸ்கூட இல்லாத உலகத்துக்கான கணக்கு இது.

நம்ம ஊர் நிலவரம் என்ன? வயலில் பயிர் முழங்கால் உயரம்தான், அது அலையைத் தடுக்காது. வெட்டவெளியான வயல்காட்டில் ஒன்றிரண்டு கி.மீ. வரை நல்ல செட் எடுபடும். ஆனால் தென்னந்தோப்பும் வாழைத்தோப்பும் வேறு கதை. நீர் நிறைந்த இலையும் தண்டும் அலையை உறிஞ்சிவிடும். கடைத்தெருவின் கான்கிரீட் கட்டடங்களுக்கு நடுவே சில நூறு மீட்டர் கிடைத்தாலே பெரிசு. வேனுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் இன்னும் குறையும்.

'அப்போ 5 வாட் செட் வாங்கினா 10 மடங்கு தூரம் போகுமே?' போகாது. அரை வாட்டை 5 வாட் ஆக்கினால் சக்திதான் 10 மடங்கு. தூரம், வெட்டவெளியிலேயே சுமார் 3 மடங்குதான் கூடும். மரமும் வீடும் குறுக்கே இருந்தால் 2 மடங்குகூடத் தேறாது. இதற்காக லைசென்ஸ் இல்லாத செட்டை வைத்துக்கொண்டு சட்டச் சிக்கலில் மாட்ட வேண்டுமா?

தூரத்தைக் கூட்டச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. உயரம்! மலையில் பனிச்சறுக்கு போகிறவர்களுக்குச் சரிவின் உச்சியில் நிற்பவர் கிடைப்பார். டெல்டாவில் மலை ஏது? ஆனால் ஆறு இருக்கிறது, கரை இருக்கிறது. வெண்ணாற்றுக் கரை, பாலத்தின் நடுப்பகுதி, தங்கும் மண்டபத்தின் மொட்டைமாடி என எங்கே ஏறினாலும் சிக்னல் சட்டென்று தெளிவாகும். செட்டை இடுப்பில் மாட்டியபடி பேசாமல், ஆன்டெனா வானத்தைப் பார்க்கும்படி முகத்துக்கு நேராகப் பிடித்துப் பேசினாலே வித்தியாசம் தெரியும். ஏனென்றால் நம் உடம்பும் அலையை உறிஞ்சும்.

வாங்கும்போது இதெல்லாம் செக் பண்ணுங்க

பேட்டரி: சாதாரண பென்சில் பேட்டரி போடும் செட் என்றால், தீர்ந்தால் கீழ்வேளூர் பெட்டிக்கடையில்கூட மாற்று கிடைக்கும். உள்ளேயே பேட்டரி இருக்கும் செட் என்றால் யூ.எஸ்.பி. டைப்-சி சார்ஜிங் இருக்கிறதா என்று பாருங்கள். போனுக்கு எடுத்துப்போகும் பவர் பேங்கிலேயே ஏற்றிக்கொள்ளலாம். மேசைமேல் வைத்து மட்டுமே சார்ஜ் ஏற்றும் செட், பயணத்துக்கு லாயக்கில்லை.

மழை: ஆகஸ்ட், செப்டம்பரில் பகலெல்லாம் வெயில் கொளுத்தி, சாயங்காலம் திடீர் மழை கொட்டும். ஐ.பி. என்று தொடங்கும் எண்ணைப் பாருங்கள். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐ.பி. 54 என்றால் சாரலைத் தாங்கும். ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாக்குப்பிடிக்கும். நடைப்பயணத்துக்கு 54 போதும், படகில் போகிறவர்கள் 67 பாருங்கள்.

பட்டன்: பேசும் பட்டன் பெரியதாக, இருட்டில் தடவினாலே தெரிவதாக இருக்க வேண்டும். கீ லாக் முக்கியம். பைக்குள் தானாக அழுத்தப்பட்டு ஒரு செட் ஓயாமல் அலையை அனுப்பிக்கொண்டிருந்தால், குழுவில் வேறு யாராலும் பேச முடியாது.

காது மாட்டி: நெடுஞ்சாலை இரைச்சலில் ஸ்பீக்கர் சத்தம் கேட்காது. ஒற்றைக் காதுக்கான இயர்போன் போட வசதி இருக்கட்டும். இன்னொரு காது ரோட்டுக்கு, பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்டாக வேண்டும்.

சேனல்: 128, 200 என்ற எண்களில் மயங்காதீர்கள். 446.0-க்கும் 446.2-க்கும் இடையே 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் பிரித்தால் வருவது 16 சேனல்தான். ஒரு குழுவுக்கு ஒன்றும், மாற்று ஒன்றும் போதும்.

'ப்ரைவசி கோடு': பெயரில்தான் ப்ரைவசி. அந்தக் கோடு வைத்தால், மற்ற குழுவினர் பேசுவது உங்கள் ஸ்பீக்கரில் கேட்காது, அவ்வளவுதான். நீங்கள் பேசுவதை அதே சேனலில் உள்ள எவரும் கேட்கலாம். எனவே பின் நம்பர், தங்கும் அறை எண், தனியாக நடந்து வரும் தங்கச்சி இருக்கும் இடம் ஆகியவற்றை இதில் சொல்லாதீர்கள்.

எத்தனை வாங்கணும்? யார் கையில கொடுக்கணும்?

ஆளுக்கு ஒன்று தேவையே இல்லை. இருபது பேர் குழுவுக்கு நாலு செட் போதும். ஒன்று முன்னால் வழி காட்டுபவரிடம். ஒன்று கடைசியில் நடப்பவரிடம். மூன்றாவது வேன் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருபவரிடம். நாலாவது நடுவில், முதலுதவிப் பெட்டி வைத்திருப்பவரிடம்.

இதில் முக்கியமான செட் கடைசி ஆளின் கையில் இருப்பது. சோர்ந்தவர்கள், வயதானவர்கள், செருப்பு அறுந்தவர்கள் எல்லாம் பின்னால்தான் இருப்பார்கள். இரவில் ரோட்டில் வேகமாக வரும் வண்டியை முதலில் பார்ப்பவரும் அவர்தான். நீடாமங்கலம் மாதிரி ஊரில் ரயில்வே கேட் மூடி, குழு இரண்டாகப் பிரிந்தால் அதைச் சொல்ல வேண்டியவரும் அவரே. எனவே குறும்புக்காரப் பையன் கையில் கொடுக்காமல், பொறுப்பான ஓர் அண்ணன் அல்லது அக்காவிடம் கொடுங்கள். அவருக்கு ஒளிரும் ஜாக்கெட்டும் டார்ச்சும் சேர்த்தே கொடுங்கள்.

பேசறதுக்கும் ஒரு மெத்தட் இருக்கு!

போனில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசலாம். இதில் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க மட்டும்தான் முடியும். அதனால் சில பழக்கங்கள் தேவை.

பட்டனை அழுத்தியதும் ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள், இல்லையென்றால் முதல் வார்த்தை வெட்டுப்படும். 'நில்லுங்க' என்று சொல்வதில் 'நி' போய்விட்டால் பரவாயில்லை. 'போகாதீங்க, வண்டி வருது' என்பதில் 'போகாதீங்க' காணாமல்போனால்?

முதலில் யாரைக் கூப்பிடுகிறீர்கள், பிறகு நீங்கள் யார் என்று சொல்லுங்கள். 'வேன், வேன்... கடைசி பேசுறேன்.' முடித்ததும் 'ஓவர்' சொல்லுங்கள். சினிமா டயலாக் மாதிரி தோன்றினாலும், எதிரில் இருப்பவர் பேசத் தொடங்கலாம் என்பதற்கான அடையாளம் அதுதான். முக்கியமான தகவலைக் கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். 'சரி, கொரடாச்சேரி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறோம்.'

சிக்னல் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் கிளம்பும் முன்பே பேசிவைத்துவிடுங்கள். 'அரை மணி நேரம் பதில் இல்லைன்னா முன்னாடி போறவங்க அடுத்த ஊர்ல நிக்கணும்' என்ற ஒரு விதி போதும். செட் வேலை செய்யாத நேரத்திலும் குழுவைச் சேர்த்து வைப்பது அந்த விதிதான்.

காஷ்மீர் ட்ரிப்புக்கும் எடுத்துட்டுப் போலாமா?

குல்மார்க் பனிச்சறுக்கு இப்போது நம்ம பசங்களின் ரீல்ஸ் கனவு. ஜம்மு காஷ்மீரில் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதனால் வாக்கி டாக்கி எடுத்துப்போகலாம் என்று தோன்றும். அது பாதுகாப்புக் கெடுபிடி உள்ள பகுதி. லைசென்ஸ் தேவையில்லாத செட்டாக இருந்தாலும், அங்குள்ள போலீஸிடமோ உங்கள் டூர் ஏற்பாட்டாளரிடமோ முன்கூட்டியே கேட்காமல் பையில் போடாதீர்கள். விமானத்தில் போகும்போது தனியாக எடுத்துவைத்த லித்தியம் பேட்டரியை செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

புயல் நேரத்துக்கு இது போதுமா?

ஒரே தெருவில், பக்கத்துப் பக்கத்து வீடுகளில் பேசிக்கொள்ளப் போதும். ஊர் விட்டு ஊர் பேசப் போதாது. அதற்கு ஹாம் ரேடியோ இருக்கிறது. 2004 சுனாமியின்போது அந்தமானில் தொலைபேசித் தொடர்பு அறுந்த நிலையில், போர்ட் பிளேரில் தற்செயலாக முகாமிட்டிருந்த பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழுதான் அங்கிருந்து தகவல்களை வெளியே அனுப்பியது. 12 வயது நிறைந்த யாரும் மத்திய அரசு நடத்தும் தேர்வை எழுதி ஹாம் லைசென்ஸ் வாங்கலாம். பெரிய செட்டை வைத்துக்கொள்ள உண்மையிலேயே ஆசை இருந்தால், நேர்வழி அதுதான். அடிப்படைத் தேர்வுக்கு மோர்ஸ் கோடுகூடத் தேவையில்லை.

இன்னொன்று... உங்கள் சின்ன செட்டில் கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வராது. போலீஸ் வயர்லெஸ்ஸும் அதைக் கேட்காது. யாராவது மயங்கி விழுந்தால் 108, மற்ற அவசரத்துக்கு 112, புயல் வெள்ள நேரத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. அதற்குப் போன்தான் வேண்டும். ஆகவே குழுவில் ஒரு போனாவது ரீல்ஸ் எடுக்காமல், முழு சார்ஜோடு பையில் இருக்கட்டும்.

செட் கைக்கு வந்ததும் அப்படியே பயணத்துக்கு எடுத்துப்போகாதீர்கள். முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பரை வீட்டு மாடியில் நிறுத்திவிட்டு, நீங்கள் சைக்கிளில் கிளம்புங்கள். தெரு முனை, கடைவீதி, தோப்பு, வயல், ஆற்றுப்பாலம்... எங்கே குரல் கரகரக்கிறது, எங்கே அறுந்துபோகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் செட்டின் உண்மையான ரேஞ்ச் அதுதான். குழு எவ்வளவு தூரம் பிரிந்து நடக்கலாம் என்பதை அதை வைத்து முடிவு பண்ணுங்க. அட்டைப் பெட்டியில் போட்டிருப்பதை வைத்து வேண்டாம்!